சகாய விலைச் செட்டாப் பெட்டியும் இணைய ஏலமும்

நம் நகரத்து நெசவாளர் இல்லங்களில், தறிக்கு அடுத்தபடியாக நாள் முழுதும் ஓசையெழுப்பும் கருவி யாதென வினவினால், தொலைக்காட்சியே என்று சிறு குழந்தையும் விடை கூறும். குழித்தறியில் அமர்ந்திருப்பவர் திரையை நிமிர்ந்து பார்ப்பது அரிது. கண் பாவிலும் கை நாடாவிலும் இருக்க, காது மட்டும் நாடகத்தில் இருக்கும். 2006ஆம் ஆண்டில் மாநில அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்திற்குப் பிறகு, அக்கருவி இல்லாத வீட்டைக் காண்பதே அரிதாயிற்று. ஆயினும் தொலைக்காட்சி கிடைத்த மாத்திரத்தில் காட்சி கிடைத்துவிடுவதில்லை. அதற்குத் தெருவில் வரும் கேபிள் இணைப்பாவது, கூரைமேல் ஒரு கிண்ணமும் வீட்டினுள் அதனோடு சேர்ந்த செட்டாப் பெட்டியுமாவது வேண்டும். இப்பெட்டியைக் கடையில் புதிதாக வாங்காமல், இணையத்தில் ஏலமாகவும் பேரமாகவும் விற்போரிடம் சகாய விலையில் வாங்கும் வழக்கம் நம் அங்கத்தினர்களிடையேயும் பரவியிருக்கிறது. அவ்வாறு வாங்குவதில் உள்ள நன்மை தீமைகளை, அறிந்த அளவில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகழ்ந்த ஒரு செய்தியைச் சொல்லித் தொடங்குகிறேன். பிள்ளையார்பாளையத்தில் உள்ள தறிக்காரர் ஒருவர் எனக்கு நெடுநாட் பழக்கமுள்ளவர். கோர்வைச் சேலை நெய்வதில் கைதேர்ந்தவர். சென்ற ஆண்டு அவருடைய மகன், கைபேசியில் ஒரு விளம்பரத்தைக் கண்டு, கிண்ணம், பெட்டி, தொலையியக்கி ஆகிய யாவும் சேர்த்து 650 ரூபாய்க்குப் பேசி முடித்தான். வேறொருவர் 800 ரூபாய்க்குக் கேட்டிருப்பதாகவும், உடனே பணம் அனுப்பினால் மட்டுமே தர முடியும் என்றும் விற்பவர் கூறவே, மறுபேச்சின்றிப் பணம் சென்றது. பொருளும் வந்து சேர்ந்தது. அதில் ஏமாற்று இல்லை. தொழிலாளி ஒருவரை அழைத்துக் கிண்ணத்தைப் பொருத்தி, பெட்டியை இயக்கியபோது, நிறுவனத்தின் சின்னம் திரையில் அழகாகத் தோன்றியது. அதன்பின் தோன்றியது, இப்பெட்டியின் சேவை நிறுத்தப்பட்டுள்ளது என்ற ஒரு வரி மட்டுமே. நிறுவனத்தின் தொலைபேசிக்குப் பேசியபோது, அப்பெட்டி வேறொரு மாவட்டத்துச் சந்தாதாரர் பெயரில் இருக்கிறதென்றும், அவரே தம் பதிவுசெய்த கைபேசியிலிருந்து விண்ணப்பித்தாலன்றிப் பெயரை மாற்ற இயலாதென்றும் விடை வந்தது. விற்றவரோ அச்சந்தாதாரர் அல்லர். அவரது கைபேசி அதன்பின் எடுபடவே இல்லை.

இதில் மோசடி எங்கே நடந்தது என்று நண்பர் என்னைக் கேட்டார். பெட்டி வந்தது, மின்சாரம் ஏறுகிறது, பழுதில்லை. பின் ஏன் படம் வரவில்லை? இக்கேள்விக்கு விடை காண, அப்பெட்டியினுள் நடப்பது என்னவென்று சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள், தரையிலிருந்து அனுப்பப்படும் நிகழ்ச்சிகளை ஏற்று, நாடு முழுவதற்கும் திருப்பி வீசுகிறது. அவ்வலைகள் எவர் கூரைமேலும் பேதமின்றி விழுகின்றன. கிண்ணம் அவற்றைத் திரட்டி, முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்னும் சிறு கருவியின்மேல் குவிக்கிறது. அக்கருவி அதிர்வெண்ணைக் குறைத்து, கம்பிவடத்தின் வழியே வீட்டினுள் அனுப்புகிறது. செட்டாப் பெட்டி அதை ஏற்று, படமாகவும் ஒலியாகவும் மாற்றித் தொலைக்காட்சிக்குக் கொடுக்கிறது. இதுவரை எல்லாம் கருவிகளின் வேலை. பழைய கருவியானாலும் புதிய கருவியானாலும் ஒன்றே.

ஆனால் கட்டண அலைவரிசைகள் தெளிவாக வருவதில்லை. சந்தா கட்டாதவர் பார்க்கலாகாது என்பதற்காக, அவை பூட்டப்பட்டே வானிலிருந்து இறங்குகின்றன. அப்பூட்டின் சாவி சில வினாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அந்தச் சாவியைக் கண்டறியும் ஆற்றல், பெட்டியில் செருகப்படும் அட்டையிலோ, பெட்டியினுள்ளே பதிந்த சில்லிலோ அடங்கியிருக்கிறது. ஒவ்வோர் அட்டைக்கும் தனி எண் உண்டு. இன்ன எண்ணுள்ள அட்டை இன்ன தேதிவரை இன்ன அலைவரிசைகளைத் திறக்கலாம் என்ற ஆணையை, நிறுவனம் அதே செயற்கைக்கோள் வழியாக அனுப்புகிறது. ஆணை நின்றால் படம் நிற்கும். மேலும், பல நிறுவனங்கள் ஓர் அட்டையை ஒரு பெட்டியோடு பிணைத்துவிடுவதால், ஒன்றிலிருந்து கழற்றி மற்றொன்றில் செருகினாலும் பயனில்லை.

நெசவறிந்தவர்க்கு இதை விளக்குவது எளிது. ஜக்கார்டு பெட்டியை ஒருவர் மலிவாக வாங்கித் தறிமேல் ஏற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். துளையிட்ட அட்டைக்கட்டு இல்லாமல் அது ஒரு மயிலையாவது ஒரு மாங்காயையாவது நெய்து காட்டுமா? செட்டாப் பெட்டியும் அத்தகையதே. ஒரு வேறுபாடு உண்டு. ஜக்கார்டு அட்டையை நாமே அடித்துக்கொள்ளலாம். இங்கோ அட்டைக்கு உயிர் கொடுக்கும் அதிகாரம் நெடுந்தொலைவிலுள்ள நிறுவனத்தின் கையில் இருக்கிறது. நண்பரின் மகன் வாங்கியது பெட்டியை; படத்தைத் திறக்கும் உரிமை விற்றவரிடம் இல்லவே இல்லை. இல்லாத ஒன்றை அவர் எங்ஙனம் விற்க முடியும்?

இத்தொல்லை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் டைரக்ட் டிவி என்னும் பெரிய நிறுவனம், 2006 மார்ச்சு முதல் பெட்டிகளை விற்பதை விட்டு, வாடகைக்கு விடும் முறையை மேற்கொண்டது. அதன்பின் சந்தாதாரர் பெட்டிக்குப் பணம் கொடுத்திருந்தாலும் அது நிறுவனத்தின் உடைமையே. இதை அறியாது இணைய ஏலத்தில் அத்தகைய பெட்டியை எடுப்பவர், அதை இயக்கித் தரும்படி நிறுவனத்தைக் கேட்டாலும் பயனில்லை. நம் மாநிலத்திலேயே, செயற்கைக்கோள் அன்றிக் கேபிள் வழியாக நடக்கும் சேவையில், 2022 நவம்பரில் ஒரு பாடம் கிடைத்தது. அரசு கேபிள் டிவி நிறுவனத்தின் இணைப்புப் பெற்ற பல இலட்சம் வீடுகளில், மென்பொருள் சார்ந்த சிக்கலால் ஒளிபரப்பு திடீரெனத் தடைப்பட்டது. பெட்டி பழுதாகவில்லை, கம்பி அறுந்துபோகவில்லை. ஆயினும் படம் இல்லை. பெட்டி நம் வீட்டு அலமாரியில் இருப்பினும் அதன் உயிர் பிறிதோரிடத்தில் இருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

உரிமையும் பொருத்தமும்

ஆதலின் விலையைக் கேட்பதற்கு முன்னர்க் கேட்க வேண்டிய முதற் கேள்வி, இப்பெட்டி யாருக்குச் சொந்தம் என்பதே. நம் நாட்டில் இணைப்புக் கொடுக்கும் நிறுவனங்கள் சில பெட்டிகளை முழு விலைக்கும், சிலவற்றை வாடகைக்கும், சிலவற்றைச் சந்தாவோடு சேர்த்தும் கொடுத்துவந்துள்ளன. அரசு கேபிள் நிறுவனம் 2017 முதல் இலவசமாக வழங்கிய பெட்டிகள் அந்நிறுவனத்தின் உடைமையே. சேவை வேண்டாதவர் அவற்றைத் திருப்பித் தர வேண்டும். வாடகைப் பெட்டியை ஒருவர் விற்றால், வாங்கியவருக்கு என்ன பாத்தியதை கிடைக்கும்? 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு இதைத் தெளிவுறச் சொல்லியிருக்கிறது. தமக்கு இல்லாத பாத்தியதையை விற்பவர் பிறருக்குக் கொடுக்க முடியாது என்பதே அதன் சாரம். ஒரு சில விலக்குகள் உண்டெனினும், முன்பின் அறியாதவரிடம் கைபேசி வழியே வாங்கிய பெட்டிக்கு அவை துணை நில்லா.

இதைத் தெரிந்துகொள்ள வழி எளியது. பெட்டியின் அடியிலோ அட்டையிலோ அச்சிட்டிருக்கும் எண்ணைப் புகைப்படமாக அனுப்பும்படி விற்பவரைக் கேட்க வேண்டும். அவ்வெண்ணைக் கூறி, அதை நம் பெயருக்கு மாற்றித் தர இயலுமா, பழைய பாக்கி ஏதும் உண்டா என்று நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் விசாரிக்க வேண்டும். பெயர் மாற்றம் பெரும்பாலும் பழைய சந்தாதாரரின் சம்மதத்தின்மேல் நிற்பதால், அவர் முன்வந்து பேசினாலன்றிப் பணம் கொடுக்கலாகாது. எண்ணைக் காட்ட மறுப்பவரிடம் வியாபாரத்தை அத்தோடு முடித்துக்கொள்வது நலம். பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சு இது. நண்பரின் மகன் அதைச் செய்திருந்தால் இக்கட்டுரைக்கே வேலையிருந்திராது.

அடுத்தது பொருத்தம். இந்தியாவில் கிண்ணம் வழிக் கட்டணச் சேவையை 2003 அக்டோபரில் டிஷ் டிவி தொடங்கிவைத்தது. அதன்பின் டாடா ஸ்கை 2006இலும், அடுத்த ஆண்டுகளில் சன் டைரக்ட், ரிலையன்ஸ் பிக் டிவி, ஏர்டெல், வீடியோகான் ஆகியவையும் வந்தன. டாடா ஸ்கை 2022 முதல் டாடா பிளே எனப்படுகிறது. வீடியோகானின் சேவை 2018இல் டிஷ் டிவியோடு இணைந்தது. 2008இல் தொடங்கிய ரிலையன்ஸ் பிக் டிவியோ கைமாறிப் பெயர் மாறி, இறுதியில் நின்றே போயிற்று. நின்றுபோன நிறுவனத்தின் பெட்டிகள் மட்டும் மறையவில்லை. அவை பழைய பொருள் விற்போரிடம் கிடந்து, புதுப்பெட்டி போலவே துடைத்து விளம்பரம் செய்யப்படலாம். அத்தகைய பெட்டிக்கு ஆணை அனுப்ப உலகில் எவரும் இல்லை.

ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொரு நிறுவனத்தின் ஒளிபரப்பைத் திறக்குமா என்று பலர் கேட்கின்றனர். கைபேசியில் சிம் அட்டையை மாற்றுவதுபோல் இங்கும் மாற்றலாகாதா என்பது நியாயமான எதிர்பார்ப்பே. எல்லாப் பெட்டிகளும் எந்த நிறுவனத்தின் சேவைக்கும் பயன்படும் வகையில் அமைய வேண்டுமென்று, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய், 2020 ஏப்ரலில் அரசுக்குப் பரிந்துரை செய்தது. அப்பரிந்துரை நம் வீட்டுப் பெட்டிவரை வந்து சேரவில்லை. ஆகவே எந்த நிறுவனத்தின் சந்தா வேண்டுமோ, அந்நிறுவனத்தின் பெட்டியே வேண்டும்.

பெட்டியின் தலைமுறையும் கவனிக்கத்தக்கது. படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் எம்பெக்-2 என்பது பழையது. எம்பெக்-4 என்பது பிந்தியது. பழைய முறைப் பெட்டி, புதிய முறையில் வரும் அலைவரிசையைக் காட்டாது. சன் டைரக்ட் தொடக்கத்திலேயே எம்பெக்-4 முறையை மேற்கொண்டது. மற்றச் சில நிறுவனங்களின் ஆரம்பகாலப் பெட்டிகள் எம்பெக்-2 வகையைச் சேர்ந்தவை. மலிவாக வருபவற்றுள் பெரும்பகுதி இந்த ஆரம்பகாலச் சரக்கே என்பதை மறத்தலாகாது. இன்னொன்று: செட்டாப் பெட்டி இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுக்கு உட்பட்ட பொருள். முறையாக விற்பனைக்கு வந்த பெட்டியில் ஆர் என்னும் ஆங்கில எழுத்தும் அதைத் தொடர்ந்து எட்டு இலக்கப் பதிவெண்ணும் இருக்கும். பட்டுக்கு சில்க் மார்க் முத்திரையைத் தேடும் நாம், இதையும் தேடிப் பார்ப்பதில் வியப்பில்லை. வெளிநாட்டிலிருந்து நேரே தருவிக்கப்பட்ட பெட்டிகளில் இம்முத்திரை இராது. சுங்கவரியும் நம் தலையில் விழும்.

ஏலம் என்னும் முறை

ஏலம் நமக்குப் புதிதன்று. பட்டுக்கூடு விளைவிக்கும் நம் அங்கத்தினர்கள் தருமபுரி போன்ற அங்காடிகளுக்குக் கூடு கொண்டுசென்று ஏலத்தில் விடுகின்றனர். கேட்க வருபவர் கூட்டைக் கையில் அள்ளுகிறார்; காதருகே குலுக்கிப் பார்க்கிறார்; மேல் ஓடு அழுந்துகிறதா என்று விரலால் நசுக்குகிறார்; அதன் பிறகே விலை சொல்லுகிறார். விற்பவரும் அருகிலேயே நிற்கிறார். ஆக, அங்கே ஏலம் என்பது கண்ட பொருளுக்கு விலை காணும் முறை. இணைய ஏலத்திலோ பொருளைக் காணாமலே விலையை மட்டும் காண்கிறோம். புகைப்படத்தைக் குலுக்கிப் பார்க்க முடியாது.

இம்முறை 1995 செப்டம்பரில் அமெரிக்காவில் பியர் ஒமிதியார் என்பவரால் தொடங்கப்பட்டுப் பின்னர் ஈபே என்று பெயர்பெற்றது. அங்கே முதன்முதல் விற்ற பொருள் உடைந்துபோன ஒரு லேசர் சுட்டி என்பதும், அது 14 டாலர் 83 சென்டுக்குப் போயிற்று என்பதும் பலரும் அறிந்த கதை. உடைந்தது என்று தெரிந்துதானா வாங்கினீர் என்று ஒமிதியார் கேட்டதற்கு, உடைந்த சுட்டிகளைச் சேர்ப்பதே என் வழக்கம் என்று வாங்கியவர் பதிலளித்தாராம். குறையைச் சொல்லி விற்றதும், குறையை அறிந்து வாங்கியதும் அந்த முதல் வியாபாரத்தின் சிறப்பு. நம் நாட்டில் 2000இல் தோன்றிய பாசி என்னும் ஏல நிறுவனத்தை ஈபே 2004இல் வாங்கி நடத்திவந்தது. 2017இல் அது ஃபிளிப்கார்ட்டின் கைக்குச் சென்று, 2018 ஆகஸ்டு 14ஆம் நாளோடு மூடப்பட்டது. இப்போது நம்மவர் பயன்படுத்தும் ஓ.எல்.எக்ஸ்., ஃபேஸ்புக் சந்தை முதலியவற்றில் நடப்பது முறையான ஏலமன்று; விளம்பரமும் பேரமுமே. எனினும் ஏலத்தின் சூடு மட்டும் அங்கே குறையவில்லை. இன்னொருவர் அதிகம் கேட்கிறார் என்ற ஒரு சொல்லே அச்சூட்டை மூட்டப் போதுமானது.

அந்த இன்னொருவர் மெய்யாகவே இருக்கிறாரா என்பது ஐயத்திற்குரியது. விற்பவர் தாமே வேறு பெயரில் கேட்டு விலையை ஏற்றுவதும், தம் ஆளை வைத்துக் கேட்கச் செய்வதும் ஏலம் தோன்றிய நாள் முதல் உள்ள தந்திரம். முன்கூறிய சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆவது பிரிவு, முன்னறிவிப்பின்றி விற்பவர் தரப்பில் இவ்வாறு கேட்பது சட்டவிரோதமென்றும், அத்தகைய விற்பனையை வாங்கியவர் மோசடியாகக் கொள்ளலாம் என்றும் கூறுகிறது. சட்டம் இருக்கிறது, எனினும் 650 ரூபாய்ப் பொருளுக்கு, எங்கோ உள்ள ஒருவர் பொய்ப் பெயரில் கேட்டதை எவ்வாறு மெய்ப்பிப்பது? ஆதலின் உச்ச விலையை முன்னரே மனத்தில் முடிவு செய்துகொண்டு, அதற்குமேல் ஒரு ரூபாயும் ஏறாதிருப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

அவ்வுச்ச விலையைக் கணக்கிடும் முறையில்தான் பலர் தவறுகின்றனர். பெட்டி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டுவரும் கூரியருக்கு 150, கிண்ணத்தைத் திசை பார்த்துப் பொருத்துபவர்க்கு 400, பழைய எல்.என்.பி. பழுதெனில் புதியதற்கு 200, கம்பிவடத்திற்கு 200 என்றால், மொத்தம் 1,450 ரூபாய் ஆகிறது. இத்தொகைகள் கணக்கிற்காகச் சொன்னவை. ஊருக்கு ஊர் மாறும். இந்த மொத்தத்தை, நகரத்து முகவரிடம் புதிய இணைப்பிற்கு ஆகும் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புதிய இணைப்பில் பொருத்தும் கூலியும், சில மாதச் சந்தாவும், பெட்டிக்கு உத்தரவாதமும் சேர்ந்தே வருவதுண்டு. அவ்வாறு ஒப்பிட்டால், சகாய விலை என்று தோன்றியது பல சமயங்களில் சகாயமாகவே இராது.

சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஆயுள் முழுதும் சந்தா இன்றி எல்லா அலைவரிசைகளையும் காட்டும் பெட்டி என்று விளம்பரம் செய்கின்றனர். ஒருவர் முறையாகச் சந்தா கட்டிய அட்டையிலிருந்து பெறப்படும் சாவிகளை, இணையம் வழியாகப் பலருக்கும் திருட்டுத்தனமாகப் பகிர்வதே இவற்றில் பலவற்றின் இரகசியம். நிறுவனம் அதைக் கண்டறிந்து அடைத்த அன்றே அப்பெட்டி வெறும் தகரமாகிவிடும். அதுமட்டுமன்று, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65-ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைப்பவர்க்கு இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. விற்பவரைத்தானே பிடிப்பார்கள் என்று எண்ணலாகாது. முன்சொன்ன டைரக்ட் டிவி நிறுவனம் 2003ஐ ஒட்டிய ஆண்டுகளில், அட்டையைத் திருத்தும் கருவி விற்ற கடைகளின் விற்பனைப் பட்டியலைக் கைப்பற்றி, அதிலிருந்த வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதி, 3,500 டாலர் அளவில் பணம் கேட்டது. கொடாதவர் பலர்மேல் வழக்கும் தொடுத்தது. வேறு காரியத்திற்காக அக்கருவியை வாங்கிய குற்றமற்றவர்களும் அதில் அகப்பட்டுத் தவித்தனர்.

பணம் கொடுக்கும் முறை பற்றிச் சுருங்கச் சொல்வேன். பொருளைக் கண்ணால் கண்டு, இயக்கிப் பார்த்தபின் பணம் கொடுப்பதே சிறந்தது. ஆகவே காஞ்சிபுரம், வாலாஜாபாத், அரக்கோணம் போன்ற பக்கத்து ஊர்களில் விற்பவரையே தேடிச் செல்லுதல் நலம். இராணுவத்தில் பணியாற்றுகிறேன், வேற்றூருக்கு மாற்றலாகிவிட்டது, பொருளை இராணுவ வண்டியிலே அனுப்புகிறேன், முன்பணம் அனுப்புங்கள் என்று சீருடையணிந்த படத்தைக் காட்டி ஏமாற்றியவர்களைப் பற்றிய புகார்கள் நாடெங்கும் பதிவாகியுள்ளன. பழைய பெட்டியை நாம் விற்க முற்படும்போதும் ஆபத்து உண்டு. பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டப் படத்தைக் கைபேசியால் பிடித்து இரகசிய எண்ணை அழுத்துங்கள் என்பார்கள். யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதை அழுத்துவது பணம் கொடுப்பதற்கே. இவ்வாறு பணம் பறிபோனால், கணமும் தாமதியாது 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் அடுத்த கணக்கிற்குப் போகுமுன் முடக்கிவைக்க, முதல் சில மணி நேரமே வாய்ப்புள்ள காலம்.

நிறுவனமாக விற்பவரிடம் வாங்கியிருந்தால் நம் கை சற்று வலுவுள்ளது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, இணையச் சந்தை நடத்துவோர் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை நியமித்து, பிராதைப் பெற்ற 48 மணி நேரத்திற்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். விற்பவரின் பெயர், முகவரி முதலிய விவரங்களையும் வாங்குபவர்க்குத் தெரிவிக்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், விற்றவர் எவ்வூரில் இருப்பினும் நாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்கிடலாம். ஐந்து இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்கிற்குக் கட்டணம் இல்லை. ஆனால் வீட்டிலிருந்த பழைய பொருளை விற்கும் தனி மனிதர் வணிகர் அல்லர் என்பதால், அவரிடம் இச்சட்டம் எளிதில் செல்லாது. நம் அங்கத்தினர்கள் பெரும்பாலும் வாங்குவது இத்தகையவரிடமே என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

இவ்வளவும் கேட்டபின், பழைய பெட்டி வாங்குவதே கூடாதோ என்று அன்பர்கள் எண்ணக்கூடும். அவ்வாறில்லை. பூட்டில்லாத ஒளிபரப்பு ஒன்று உண்டு. அதற்கு எவருடைய ஆணையும் தேவையில்லை. தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் தொடங்கிய சேவை, இப்போது டி.டி. ஃப்ரீ டிஷ் என்ற பெயரால் நடக்கிறது. மாதச் சந்தா கிடையாது. (அதில் இடம்பெற விரும்பும் தனியார் அலைவரிசைகளுக்கு இடம் ஒதுக்குவது மட்டும் ஏல முறையில் நடக்கிறது, நாம் கேட்கும் ஏலத்திற்கும் அவர்கள் கேட்கும் ஏலத்திற்கும் எத்தனை தூரம்!) முன்னர்ப் பொதிகை என வழங்கி, 2024 சனவரியில் டி.டி. தமிழ் எனப் பெயர் மாறிய அலைவரிசை அதில் வருகிறது. நமக்குப் பழக்கமான கட்டணத் தமிழ் அலைவரிசைகளைப் பெரிதும் அதில் எதிர்பார்க்கலாகாது. தொடர்நாடகம் விரும்பும் வீட்டில் இதனால் சமாதானம் நிலவும் என்று நான் உறுதி கூற மாட்டேன். செய்தியும், பழம் பாடலும், வேளாண்மை நிகழ்ச்சியும் போதுமென்பவர்க்கு இது ஏற்றது. இச்சேவைக்குரிய பொதுப் பெட்டியை ஒருவர் சகாய விலைக்கு விற்றால், இயக்கிப் பார்த்து வாங்கலாம். இச்சேவையிலும் சில அலைவரிசைகள் எம்பெக்-2 முறையிலும் சில எம்பெக்-4 முறையிலும் வருவதால், இரண்டையும் ஏற்கும் பெட்டியே விரும்பத்தக்கது.

கிண்ணமும் எல்.என்.பி.யும் எவருடைய ஆணைக்கும் கட்டுப்பட்டவை அல்ல என்பதால், அவற்றைப் பழையனவாக வாங்குவதில் பெரிதும் அச்சமில்லை. கிண்ணம் நெளியாதிருக்கிறதா, துரு ஏறிக் கால் தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். நெளிந்த கிண்ணம் மழைநாளில் தன் குணத்தைக் காட்டிவிடும். ஃப்ரீ டிஷ் சேவையைச் சுமக்கும் ஜிசாட்-15 என்னும் நம் நாட்டுச் செயற்கைக்கோள், 2015 நவம்பரில் தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து செலுத்தப்பட்டுக் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து பார்த்தால் அது தென்கிழக்குத் திசையில், தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் அமைகிறது. கிண்ணத்தின் அமைப்புக் காரணமாக அதன் முகம் அவ்வளவு நிமிர்ந்து தோன்றாது. தென்கிழக்கில் தென்னையோ மாடிச் சுவரோ உயர்ந்து மறைத்தால் படம் வராது. பெட்டியைக் குறைகூறிப் பயனில்லை. வேறு நிறுவனத்தின் சேவைக்குத் திருப்பியிருந்த கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றுபவர்களும் உளர். வேறு செயற்கைக்கோள் எனில் திசையைத் திருத்தியே ஆக வேண்டும்.

பிள்ளையார்பாளையத்து நண்பர் இறுதியில் இதையே செய்தார். வந்த கிண்ணம் நல்ல நிலையில் இருந்தது. பொருத்தியவரையே மீண்டும் அழைத்து, அதைத் தென்கிழக்கே திருப்பச் செய்து, கடைத்தெருவில் ஒரு ஃப்ரீ டிஷ் பெட்டியை ரசீதோடு வாங்கி இணைத்தார். 650 ரூபாயில் கிண்ணத்திற்கு உரிய பங்கு போக மீதி நஷ்டம் என்று எழுதிக்கொண்டதாகச் சொன்னார். உயிரில்லாத அந்தப் பழைய பெட்டி, தறிக்கு மேலுள்ள பலகையில் சரிகைக் கட்டைகளுக்கு அருகே இன்றும் இருக்கிறது. எண் அச்சிட்ட பக்கம் மேலே தெரியும்படி, மகன் கண்ணில் படுமாறு, அதைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.